வன்னியிலிருந்து புறாமலைக்கு: முருகைக்கல் பார்க்கவும் சுழியோடவும் செல்வோருக்கான வழிகாட்டி

வன்னி நிலத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் கடல் உண்டு. இருந்தும் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு ஆகிய இடங்களில் வாழும் பெரும்பாலானோர் நீச்சல் பழகியது குளத்திலேதான். முகக்கண்ணாடி அணிந்து கடலின் மேற்பரப்பில் மிதந்தபடி முருகைக் கற்பாறைகளையும் மீன்களையும் பார்க்கும் ஸ்நோர்க்கலிங்குக்கும், காற்றுச் சிலிண்டரைச் சுமந்து ஆழத்துக்கு இறங்கும் சுழியோடலுக்கும் இங்கிருந்து புறப்படுவோருக்கு வாய்ப்பான தீவு, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர் தொலைவில் உள்ள புறாமலை ஆகும். அரச ஆவணங்களில் அது புறாத்தீவு தேசியப் பூங்கா. காலையில் வவுனியாவிலிருந்து வாகனத்தில் ஏறி மதியத்துக்குள் தீவில் கால் வைத்துவிடக்கூடிய தூரம் என்பதால், முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இந்தப் பயணம் இனிதாக அமையுமா என்பது நிலாவெளிக் கரையில் முடிவாவதில்லை. எந்த மாதம் போவது, யார் யார் நீரில் இறங்குவது, அவர்களுடைய காதும் நெஞ்சும் எப்படி இருக்கின்றன என்பன வீட்டிலேயே முடிவாக வேண்டியவை.

புறாமலை என்பது பெரியதும் சிறியதுமான இரண்டு தீவுகள். பெரிய தீவின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 45 மீற்றர் உயரம். பாறைகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இவ்விடத்தை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் நிருவகிக்கின்றது. திருகோணமலைக் கடற்பகுதியில் ஏறக்குறைய 100 வகை முருகைகளும் 300 வகை முருகைப்பாறை மீன்களும் பதிவாகியுள்ளன. 1998இல் கடல் நீர் வெப்பமடைந்து இலங்கையின் முருகைப்பாறைகள் பரவலாக வெளிறிச் செத்தபோது, தெற்கிலும் மேற்கிலும் ஏற்பட்ட அழிவோடு ஒப்பிடுகையில் இப்பகுதி பெருமளவு தப்பியது. மீதமிருப்பதை மிதித்து உடைப்பது இப்போது நம்மைப் போன்ற பயணிகளின் கால்கள்தான் என்பதால், கால் ஊன்றாமல் மிதக்கக் கற்பதை இந்த வழிகாட்டி முழுவதும் வலியுறுத்துகின்றேன்.

காலம்

கிழக்குக் கரைக்கு ஏற்ற காலம் மே முதல் செப்டெம்பர் வரை. ஏப்ரல் பிற்பகுதியும் ஒக்டோபர் தொடக்கமும் சில ஆண்டுகளில் நன்றாக அமையும். அந்த மாதங்களில் வீசும் தென்மேற்குக் காற்றான சோளகம் நிலத்தைக் கடந்து கடலை நோக்கிப் போவதால், கரைக்கு அண்மையில் பெரிய அலையை எழுப்ப அதற்கு இடம் கிடைப்பதில்லை. வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். வங்காள விரிகுடாவைக் குறுக்கறுத்து வரும் காற்று அலையையும் மழையையும் சேர்த்துக் கொண்டு வருகின்றது. கொட்டியாரக் குடாவில் மகாவலி கொட்டும் வண்டல் நீரும் கரையோர ஆறுகளின் கலங்கலும் கடலில் பரவ, கண்ணாடிக்கு முன்னே கைவிரல்களைத் தவிர வேறொன்றும் தெரியாத நாட்கள் உண்டு. பெரும்போக அறுவடை முடிந்து, கையில் பணமும் நேரமும் இருக்கின்ற சித்திரை, வைகாசி மாதங்கள் நம்மவர்களுக்கு எல்லா வகையிலும் பொருத்தமானவை. ஆனால் வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா, நல்லூர்த் திருவிழா ஆகியனவும் இதே பருவத்தில்தான் வருகின்றன. குடும்பத்தோடு செல்வோர் அந்தத் தேதிகளை முதலில் குறித்துவிட்டு, மிஞ்சும் நாட்களில் கடலைத் தேடுவது நல்லது. வார இறுதி நாட்களையும் போயா தினங்களையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும், ஏனெனில் அந்நாட்களில் சிறிய கடற்கரையில் மனிதத் தலைகளே அதிகமாகத் தெரியும்.

மார்கழி விடுமுறைக்குத்தான் போக முடியும் என்போர் புறாமலையை மறந்துவிட வேண்டும். அப்போது அமைதியாக இருப்பது மேற்கும் தெற்கும். மன்னார்ப் பக்கத்தவர்கள் கற்பிட்டிக்குச் சென்று, 1992இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் ரீப் முருகைத் தொடரைப் பார்க்கலாம். மற்றவர்கள் ஹிக்கடுவையையோ உணவட்டுனவையையோ எண்ணலாம். வெளிநாட்டு உறவினர்கள் செலவை ஏற்கும் குடும்பங்களுக்கு மாலைதீவும் உண்டு. அங்கு சனவரி முதல் ஏப்ரல் வரை பொதுவாக வானமும் நீரும் தெளிவாக இருக்கும். எனினும் முதல் அனுபவத்துக்கு அவ்வளவு தூரம் போவது வீண் செலவு என்பதே என் கருத்து. மூச்சுக்குழலைக் கடிக்கப் பழகும் முதல் நாளை எந்தக் கடலிலும் கழிக்கலாம்.

புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பிருந்து வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைக் கவனிக்க வேண்டும். வானொலியில் ‘காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக’ என்று தொடங்கும் அந்த வாசகம் மீனவர்களுக்கு மட்டும் உரியதன்று. கொந்தளிப்பு என்ற சொல் அதில் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே முறை.

பாதையும் தங்குமிடமும்

கிளிநொச்சியிலிருந்து வருவோர் ஏ-9 வீதியால் வவுனியாவை அடைந்து, அங்கிருந்து ஏ-29 வீதியால் ஹொரவப்பொத்தானைக்குச் சென்று, ஏ-12 வீதியில் ஏறித் திருகோணமலையை அடையலாம். வவுனியாவிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 100 கிலோமீற்றர். நிலாவெளி, திருகோணமலை நகரத்துக்கு வடக்கே மேலும் 15 கிலோமீற்றர் அளவில் உள்ளது. முல்லைத்தீவுப் பக்கத்தவர்கள் புல்மோட்டையை அடைந்துவிட்டால், குச்சவெளி வழியாகத் திருகோணமலை நகருக்குள் போகாமலே நிலாவெளிக்கு வந்துவிடலாம். எந்த வழியாயினும் பொழுதுபட்ட பின் பயணம் செய்வதைத் தவிர்க்க வேண்டும். இந்தக் காட்டு வீதிகளில் யானை கடப்பது சாதாரண நிகழ்ச்சி.

விடியற்காலை புறப்பட்டு, தீவுக்குப் போய், இரவே திரும்பும் வழக்கம் வன்னி வாகனங்களில் பரவலாக உள்ளது. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருப்பது காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில். வன்னியிலிருந்து அதே நாளில் வருவோர் கரையை அடையும்போது அந்த நேரம் கழிந்து, வெயிலும் காற்றும் கூட்டமும் ஒன்றாக ஏறியிருக்கும். முதல் நாள் மாலையே நிலாவெளியிலோ உப்புவெளியிலோ தங்கிவிட வேண்டும். படகுத்துறைக்கு நடந்து போக விரும்புவோருக்கு நிலாவெளியும், நகரமும் கோணேசர் கோயிலும் பஸ் வசதியும் அருகில் வேண்டுவோருக்கு உப்புவெளியும் ஏற்றவை. இரண்டு இரவுகள் தங்க முடிந்தால், முதல் நாள் கடல் குழம்பினாலும் மறுநாள் கைகொடுக்கும்.

உடலைப் பற்றிய பகுதி

இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. கடல் நீரில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகின்றது. மேற்பரப்பில் 1 லீற்றராக இருக்கும் காற்று 10 மீற்றரில் அரை லீற்றராகச் சுருங்கும். உடலில் காற்று அடைபட்டுள்ள இடங்களான நடுக்காதும், முகத்தெலும்புகளின் உட்குழிகளும், நுரையீரலும் இந்த மாற்றத்தை நேரடியாக உணர்கின்றன. இரண்டு மூன்று மீற்றர் ஆழத்திலேயே காது வலிக்கத் தொடங்குவது இதனால்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக மூக்கு வழியே காற்றைத் தள்ளினால் காதுக்குள் மெல்லிய ‘டிக்’ என்ற ஓசையுடன் அழுத்தம் சமமாகும். வலி வருவதற்கு முன்பே, இறங்கத் தொடங்கிய உடனேயும் பின்னர் ஒவ்வொரு மீற்றருக்கும் இதைச் செய்ய வேண்டும். சமமாகாவிட்டால் ஒரு மீற்றர் மேலே வந்து மீண்டும் முயல வேண்டுமே தவிர, பல்லைக் கடித்துக்கொண்டு கீழே போகக் கூடாது. தடிமன் பிடித்திருக்கும் நாளில் சுழியோடவே கூடாது. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவோருக்கு, நீருக்கடியில் மருந்தின் வேகம் குறைந்து, மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் போகும் ஆபத்து உண்டு.

வன்னி வாசகர்களுக்கு இதில் ஒரு தனிக் கவனம் தேவை. எறிகணையும் விமானக் குண்டும் அருகில் வெடித்த அனுபவம் உள்ளவர்களில் செவிப்பறை கிழிந்தவர்கள் இருக்கின்றனர். சிலருக்கு அது தானாக ஆறி, வெளியே எதுவும் தெரியாமல் இருக்கும். வேறு சிலருக்குச் சிறு துளை அப்படியே இருக்கும். துளை வழியாகக் கடல் நீர் நடுக்காதுக்குள் புகுந்தால் கடுமையான தலைச்சுற்று ஏற்படும்; நீருக்கடியில் அது உயிராபத்து. நெஞ்சுப் பகுதியில் சிதறல் துண்டு உள்ளவர்களும், நெஞ்சில் குழாய் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களும், நுரையீரல் சுருங்கி மீண்டவர்களும் சிலிண்டருடன் இறங்குவதற்கு முன் கட்டாயம் வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டும். நுரையீரலில் உள்ள பழைய தழும்புக்குப் பின்னால் காற்று அடைபட்டால், மேலே வரும்போது அது விரிந்து நுரையீரலைக் கிழிக்கக்கூடும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதே அறிவுரை பொருந்தும். கர்ப்பிணிகள் சுழியோடவே கூடாது. சுழியோடும் நிலையங்கள் நிரப்பத் தரும் மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று அடையாளமிட்டுவிட்டு இறங்குவோர் உண்டு. அந்தப் படிவம் நிலையத்துக்காக அல்லாமல் நமக்காகவே இருக்கின்றது. சுழியோட முடியாதவர்களுள் பலர் உயிர்காப்பு அங்கியுடன் மேற்பரப்பில் மிதந்து பார்க்கலாம் என்பதால், உண்மையைச் சொல்வதால் பயணம் கெட்டுவிடாது. ஆனால் செவிப்பறையில் துளை உள்ளவர்கள் அதற்கும் வைத்தியரைக் கேட்டே நீரில் முகம் வைக்க வேண்டும். ஒரு காலை இழந்தவர்களும் நன்றாக நீந்தலாம். உலகின் பல இடங்களில் அவர்களுக்கெனத் தனிச் சுழியோடல் பயிற்சிகளே நடக்கின்றன. செயற்கைக்காலை மட்டும் உப்பும் மணலும் படாதவாறு துணியில் சுற்றிப் படகிலேயே விட்டுவிட வேண்டும்.

நீச்சலுக்கு ஓர் எளிய அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். சுழியோடல் சான்றிதழ்ப் பயிற்சியில் 200 மீற்றர் தொடர்ச்சியாக நீந்தவும், எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்கவும் கேட்பார்கள். இவை இரண்டும் முடிந்தவர் ஸ்நோர்க்கலிங்கைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. முடியாதவர் உயிர்காப்பு அங்கியுடன், கரையை ஒட்டி, நீந்தத் தெரிந்த ஒருவரின் கையெட்டும் தூரத்தில் மட்டும் இறங்க வேண்டும். கடல் நீர் குளத்து நீரைவிட உடலை அதிகம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் குளத்தில் இல்லாத இழுவை கடலில் உண்டு, அதிலும் சோளகக் காலத்தில் காற்றே ஆளைக் கரையிலிருந்து வெளியே தள்ளும். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே முகக்கண்ணாடியையும் மூச்சுக்குழலையும் பழக விரும்புவோருக்கு நீச்சல் தடாகம் சிறந்தது. குளம்தான் வாய்க்கும் என்றால், ஊரார் அன்றாடம் குளிக்கும் துறையில், இடுப்பளவு நீரில், கரையில் ஒருவரை நிறுத்திக்கொண்டு பழகலாம். முதலை இருக்கும் குளங்களைப் பற்றி வன்னியில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கருவிகள்

முகக்கண்ணாடி பொருந்துகின்றதா என்பதைக் கடையிலேயே அறியலாம். பட்டியைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுக்க வேண்டும். கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு உரியது. நம் ஆண்களுக்கு இதில் இடைஞ்சலாக இருப்பது மீசை. மேலுதட்டின் மயிர்களுக்கிடையே நீர் கசிந்துகொண்டே இருக்கும். மீசையை எடுக்க மனமில்லாதவர்கள், மூக்குக்கு நேர் கீழே கண்ணாடியின் விளிம்பு படியும் ஒரு கீற்று அளவுக்கு மட்டும் மழித்துக்கொண்டால் போதும். மீசையின் மதிப்பு குறையாது. மூக்குக் கண்ணாடி அணிவோர் தமக்குரிய வலுவுடைய வில்லை பொருத்திய முகக்கண்ணாடியை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். புதிய கண்ணாடியின் உட்பக்கத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவி, நீரில் இறங்குவதற்குச் சற்று முன் எச்சில் தடவி அலசினால் ஆவி படியாது. முகம் முழுவதையும் மூடும் புதுவகைக் கண்ணாடிகள் சமூக ஊடகப் படங்களில் அழகாகத் தெரிந்தாலும், அவற்றில் மூக்கைப் பிடித்துக் காதைச் சமப்படுத்த முடியாது. நீர் புகுந்தால் விரைவாகக் கழற்றுவதும் கடினம். அவற்றை வாங்க வேண்டாம்.

உடையைப் பொறுத்தவரை, கையும் கழுத்தும் மூடிய, உடலோடு ஒட்டிய, விரைவில் உலரும் நீச்சல் மேலாடை இரு பாலாருக்கும் சிறந்தது. வெயில் முதுகைப் பொசுக்குவதைத் தடுப்பதோடு, பெண்கள் கூச்சமின்றி நீரில் இறங்கவும் அது உதவுகின்றது. பருத்திச் சுரிதாரும் சாரமும் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். துப்பட்டா காலில் சுற்றும். சூரியக் களிம்பு பூசுவோர் ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் ஆகிய இரண்டும் இல்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவை முருகைகளுக்குத் தீங்கானவை.

ஸ்நோர்க்கலிங்கா, சுழியோடலா?

முதன்முறை செல்வோருக்கு என் விடை ஸ்நோர்க்கலிங்தான். புறாமலையில் அழகான முருகைகள் பெரும்பாலும் ஆழங்குறைந்த நீரிலேயே உள்ளன. சிலிண்டர் இல்லாமலே அவற்றைக் காணலாம். மேற்பரப்பில் ஒரு காலை முழுவதையும் பதற்றமின்றிக் கழித்தவரே சிலிண்டருக்குத் தகுதியானவர்.

சுழியோட விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சான்றிதழ் இல்லாதவர் பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில் ஒருமுறை இறங்கிப் பார்க்கும் அறிமுகச் சுழியோடல். அதில் 12 மீற்றருக்குக் கீழே அழைத்துச் செல்லக் கூடாது. ஒரு பயிற்றுநருக்கு நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது. இருவர் என்றால் நன்று. மற்றது, பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. போன்ற உலக அமைப்புகளின் தொடக்கநிலைச் சான்றிதழ்ப் பயிற்சி. மூன்று அல்லது நான்கு நாட்கள் எடுக்கும் அப்பயிற்சியை முடித்தவர் 18 மீற்றர் வரை இறங்கலாம். 10 வயது நிறைந்த பிள்ளைகளும் சிறுவருக்குரிய வரையறைகளுடன் சேரலாம். பணம் இருப்போருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அறிமுகச் சுழியோடலில் பெறுவது காட்சி மட்டுமே. பயிற்சியில் கண்ணாடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றவும், சிலிண்டரின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் கழன்றால் அதை மீட்கவும், காற்றுத் தீர்ந்தவருக்குக் காற்றைப் பகிரவும் கற்கின்றோம்.

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் பல நிலையங்கள் உள்ளன. விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு: பயிற்றுநரின் அட்டை இவ்வாண்டுக்குச் செல்லுபடியாகுமா? தமிழில் விளக்கக்கூடியவர் இருக்கின்றாரா? படகில் ஒக்சிசன் உண்டா? அழுத்த மாற்றத்தால் நோய் ஏற்பட்டால் எங்கு, எப்படிக் கொண்டுசெல்வார்கள்? இக்கேள்விகளுக்கு முகஞ்சுளிக்காமல் விடை சொல்லும் நிலையத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றேயன்றி ஒக்சிசன் அன்று. இறங்குவதற்கு முன் ரெகுலேட்டரில் இரண்டு மூன்று மூச்சு இழுத்துப் பார்க்கும்போது எண்ணெய் வாடை வந்தால், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் அந்தச் சிலிண்டரை மறுத்துவிட வேண்டும்.

கைச்சைகைகளைக் கரையிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது நமக்கு ‘எல்லாம் நல்லது’ என்பதைக் குறிக்கும். நீருக்கடியில் அது ‘மேலே போவோம்’ என்பதாகும். நலமாக இருப்பதைச் சொல்லக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்ட வேண்டும். இதை மறந்து, மீனைக் கண்ட மகிழ்ச்சியில் கட்டைவிரலை உயர்த்தினால், பயிற்றுநர் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்துவிடுவார்.

சிலிண்டருடன் இருக்கும்போது ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது என்பது முதல் விதி. ஆழத்தில் நெஞ்சில் நிரப்பிய காற்று மேலே வரும்போது விரியும். அடக்கி வைத்தால் நுரையீரல் தாங்காது. ஆழத்தில் உடலில் கரைந்த நைதரசன் குமிழிகளாகி நோய் தராமல் மெல்ல வெளியேறுவதற்காக, நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம். நமது கரைகளில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கும் தொழிலாளர்கள் நாளுக்குப் பல சிலிண்டர்களை முடித்து விரைந்து ஏறுவதைக் கண்டவர்கள், அதுவே முறை என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுள் கால் விறைத்தும் மூட்டு நொந்தும் தொழிலை விட்டவர்கள் இருக்கின்றனர். வறுமை அவர்களை அவ்வாறு இறங்க வைக்கின்றது, நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சான்றிதழும் சில முறை இறங்கிய பழக்கமும் உள்ளவர்கள் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரத்தையும் திட்டத்தில் சேர்க்கலாம். போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோயிலின் தூண்களை 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அங்கு நீருக்கடியில் கண்டனர். வழிபாட்டுக்குரிய இடம் என்பதால் எதையும் தொடாமல் வருவது அங்கு இரட்டிப்பாகப் பொருந்தும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய ஹெர்மிஸ் போர்க்கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசைப்படுவோரும் உண்டு. அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கின்றது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லையோ 40 மீற்றர்.

தீவில்

நிலாவெளிக் கரையில் உள்ள திணைக்கள அலுவலகத்தில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். இலங்கையருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு. தேசிய அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுசெல்ல வேண்டும். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்த உறவினர் உடன் இருந்தால், அவருக்கு வெளிநாட்டுக் கட்டணம் ஆகும் என்பதை வீட்டிலேயே கணக்கிட்டுக்கொண்டால் கவுண்டரில் வாய்த்தர்க்கம் இராது. படகுக் கூலி தனி. அது பெரும்பாலும் ஆளுக்கன்றிப் படகுக்குப் பேசப்படுவதால் குழுவாகச் செல்வது மலிவு. ஓட்டியிடம் ஏறுவதற்கு முன்பே, ‘அண்ணை, திரும்ப எத்தனை மணிக்கு வருவீங்கள்? ஆளுக்கொரு அங்கி இருக்கோ?’ என்று கேட்டுத் தெளிவாகிக்கொள்ள வேண்டும். பொலித்தீன் பைகளையும் சோற்றுப் பொதிகளையும் தீவுக்குக் கொண்டுபோகக் கூடாது. மீண்டும் பயன்படுத்தும் போத்தலில் நிறையத் தண்ணீர் போதுமானது. மதுவைப் பற்றி ஒரு வரி: குடித்தவரை நீரில் இறக்கக் கூடாது, முதல்நாள் இரவு அளவுக்கு மீறிக் குடித்தவரையும் இறக்கக் கூடாது.

நீரில் எப்போதும் இருவர் இருவராக இருக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலையை உயர்த்திக் கரை எங்கே இருக்கின்றது என்று பார்க்க வேண்டும். மீனைப் பின்தொடரும்போது தூரம் தெரிவதில்லை. இழுவையில் அகப்பட்டால் அதை எதிர்த்து நீந்தாமல், மிதந்து, கையை அசைத்துப் படகை அழைக்க வேண்டும். இளைஞர்கள் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டி வைப்பதைத் தடுக்க வேண்டும். வேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு மூழ்குவோருக்கு, மூச்சு வேண்டும் என்ற உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். நல்ல நீச்சல்காரர்கள் சத்தமின்றி மாண்டுபோவது இப்படித்தான்.

பார்க்கக் கிடைப்பவற்றில் பலரும் தேடுவது செட்டைகளின் நுனி கறுத்த சிறு சுறாக்களை. அவை மனிதரைக் கண்டால் விலகிச் செல்பவை. துரத்தாமல், காலை அடிக்காமல், ஓரிடத்தில் மிதந்தால் தாமாகவே சுற்றி வரும். அழுங்காமையும் பேராமையும் வரக்கூடும்; தொடவோ மேலே நின்று மூச்செடுக்கும் வழியை மறைக்கவோ கூடாது. கிளிமீன்கள் முருகையைக் கொறிக்கும் ‘கறுக் கறுக்’ ஓசை நீருக்குள் தெளிவாகக் கேட்கும். அந்தக் கொறிப்பின் மிச்சமும் சேர்ந்ததே நாம் படுத்திருக்கும் வெண்மணல். அஞ்ச வேண்டியது சுறாவுக்கு அன்று. மணலில் கூடு காக்கும் பெரிய கிளாத்தி மீன் கடிக்க வரும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்து செல்வதால், மேலே ஏறாமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். கரிய நீண்ட முட்களையுடைய கடல் முள்ளிகளும், கல்லைப்போல அசையாமல் கிடக்கும் நச்சு மீன்களும் காலூன்றுவோரையே குத்துகின்றன. நச்சு மீன் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தபடி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

திரும்பும் வழி

கருவிகளை அன்றே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். காதில் நீர் நின்றால் தலையைச் சாய்த்து வடிக்கலாம். குச்சியோ கோழி இறகோ விடக் கூடாது.

சுழியோடியவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஒருமுறை மட்டும் இறங்கியவர் 12 மணி நேரமும், பல நாட்கள் அல்லது பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் விமானத்தில் ஏறக் கூடாது. மலைநாட்டுக்கு ஏறுவதும் உடலுக்கு ஏறக்குறைய அதே விளைவைத் தரும். வன்னியிலிருந்து புறப்படும் சுற்றுலா வாகனங்கள் திருகோணமலையை முடித்துக்கொண்டு அப்படியே கண்டி, நுவரெலியா என்று போவது வழக்கம். 1,800 மீற்றருக்கு மேல் உள்ள நுவரெலியாவை முதலில் பார்த்து, கடலைக் கடைசியில் வைத்தால் இந்தச் சிக்கலே எழாது; திருகோணமலையிலிருந்து வன்னிக்குத் திரும்பும் பாதை தாழ்நிலம்.

வீடு திரும்பிய பின், ஒரு நாளுக்குள் மூட்டில் இனந்தெரியாத வலி, கைகால் விறைப்பு, தலைச்சுற்று, அளவுக்கு மீறிய சோர்வு, சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அலைச்சல் என்று படுத்துவிடக் கூடாது. 1990 நோயாளர் காவு வண்டிச் சேவையை அழைத்து, வைத்தியசாலையில் முதல் வார்த்தையாகச் சுழியோடிவிட்டு வந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது தோன்றாமலும் போகலாம். எத்தனை முறை, எவ்வளவு ஆழத்துக்கு, எத்தனை நிமிடம் இறங்கினீர்கள், கடைசியாக மேலே வந்தது எத்தனை மணிக்கு என்பவற்றை நிலையத்தில் எழுதி வாங்கிய தாளைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.